தராசு கழற்றிய பதினெட்டு கிலோ

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, இருபத்தாறு வருஷமாக அதனால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "ஏங்க, நான் கொஞ்சம் குண்டாயிட்டேனோ?" என்று ஆசையாகக் கேட்டேன். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் "சேச்சே, யார் சொன்னா?" என்று சொல்லித் தப்பித்திருப்பான். இவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போன மாசத்தைவிட ரெண்டு கிலோ முந்நூறு கூடியிருக்கும்" என்றார். அத்தோடு விட்டாரா? தராசைக் கொண்டுவந்து என்னை ஏற்றி நிறுத்தினார். ரெண்டு கிலோ இருநூற்றைம்பதுதான் கூடியிருந்தது. ஐம்பது கிராம் அதிகமாகச் சொல்லிவிட்டதற்கு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார்.

அவருக்கு லாரி எடைமேடையில் வேலை. தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புப் பாலம் ஒன்று இருக்கும். லாரி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்து அறையில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் உள்ள பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை வரும், இவர் அதைச் சீட்டில் அடித்துக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே நாற்காலி. "அண்ணே, ஒரு நூறு கிலோவுக்குக் கண்ணை மூடிக்குங்களேன்" என்று கெஞ்சியவர்கள் உண்டு, சட்டையைப் பிடித்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "பாலம் சொல்றதைத்தான் நான் சொல்வேன்." லாரிக்காரர்கள் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது கடைவீதியில்கூட அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

என் மகள் பிறந்தபோது நர்ஸ் மூன்று கிலோ என்று எழுதினாளாம். "மூணு இல்லம்மா, ரெண்டு தொள்ளாயிரத்து எழுபது. முள்ளு கோட்டைத் தொடலை" என்று இவர் மல்லுக்கு நின்றிருக்கிறார். உள்ளே நான் அரை மயக்கத்தில் கிடக்கிறேன், வெளியே இந்த மனிதர் முப்பது கிராமுக்குச் சண்டை போடுகிறார். பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றியதா? தோன்றியதாம். எடை விவகாரம் முடிந்த பிறகு.

இப்படிப்பட்டவர் என்னிடம் பொய் சொன்ன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் திரைச்சீலை தைப்பவள். வீட்டின் முன்னறைதான் என் பட்டறை. வெட்டுவதற்கு ஒரு பெரிய மேசை, ஒரு தையல் மெஷின், சுவரெல்லாம் துணிச்சுருள். வாடிக்கைக்காரர் வீட்டுக்குப் போய் ஜன்னலை அளந்து வருவேன், தைப்பேன், நானே கொண்டுபோய் மாட்டிவிட்டும் வருவேன். அதற்கெல்லாம் எங்களுடைய குட்டிக் கார்தான். அதற்கு என் மகளைவிட இரண்டு வயது அதிகம். மகள் படித்து முடித்து வேலைக்கு வேறு ஊருக்குப் போய்விட்டாள், அது மட்டும் போகவில்லை.

பகலில் எனக்குச் சோறு போடும் அந்தக் கார்மேல் இவருக்கு வேறொரு ஆசை. பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கம் ஒன்று உண்டு. வெயில் காலம் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மலைச்சாலையை மூடிவிட்டுப் போட்டி வைப்பார்கள். நாலு கிலோமீட்டர் மேடு, பதினான்கு வளைவு, வண்டியில் ஒரே ஒரு ஆள். சின்ன எஞ்சின் கார்களுக்குத் தனிப் பிரிவு. முதல் மூன்று பேருக்குக் கப்பு. இவர் ஆறு வருஷமாக நாலாவது. ஏதோ அந்த இடத்தைப் பட்டா போட்டு வாங்கின மாதிரி நாலாவது. போன வருஷம் ஒன்றரை வினாடியில் கப்பு கை நழுவிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கனம் ஜாஸ்தி" என்றார்.

"யாரு, நானா?"

"வண்டி."

அன்று பிடித்தது பைத்தியம். பின்சீட்டைக் கழற்றினார். பதினோரு கிலோ. ஸ்டெப்னி, கீழே விரித்திருந்த கம்பளம், ரேடியோ, சாம்பல் கிண்ணம், டேஷ்போர்டு அறையின் மூடி, ஒன்றொன்றாக இறங்கியது. ஒவ்வொன்றையும் வீட்டுத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினார். கதவுக் கைப்பிடி ஒன்றைத் துளைத்துத் துளைத்துச் சல்லடையாக்கி, "நாற்பத்தி ரெண்டு கிராம்!" என்று குதித்துக்கொண்டு வந்து காட்டினார். ஆனால் எதைக் கழற்றினாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கழற்றினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நானும் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். பின்சீட்டு போனால் துணிச்சுருளை நீட்டாகப் படுக்க வைக்கலாம், எனக்கென்ன? ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன்.

"ஏசில மட்டும் கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன். வெயில்ல நாலு வீடு ஏறி இறங்குறவ நான். கை வேர்த்தா வெள்ளைத் துணியெல்லாம் பாழாயிடும். புரியுதா?"

தலையை ஆட்டினார். அதற்கு அடுத்த வாரம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் நாலு நாள் அவள் வீட்டில் போய் இருந்தேன். அக்கா அடுத்த தெருதான், ஆனாலும் ராத்திரியும் அங்கேயே தங்கிவிட்டேன்.

திரும்பி வந்து காரை எடுத்த முதல் நாளே எனக்குக் குப்பென்று வேர்த்தது. ஏசி பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. காற்றும் வந்தது. ஆனால் வேர்வை நிற்கவில்லை. நெற்றியில் ஆரம்பித்துக் கழுத்து, முதுகு என்று ஊற்றியது. சாயங்காலம் இருவரும் சேர்ந்து போனபோது கேட்டேன்.

"ஏங்க, ஏசி ஓடுதா?"

"லைட் எரியுதே" என்றார்.

"உங்களுக்கு வேர்க்கலையா?"

ரோட்டையே பார்த்தார். பிறகு, "இல்லையே" என்றார். சொல்லிவிட்டுக் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார். "லேசாக் குளிருது."

யோசித்துப் பாருங்கள். இருபத்தாறு வருஷத்தில் எனக்காகக்கூட ஐம்பது கிராம் குறைத்துச் சொல்லாத மனிதர் குளிருகிறது என்றால் குளிரத்தானே செய்யும்? என் புத்திக்கு வேறு எதுவும் எட்டவில்லை. குளிர்கிற காரில் எனக்கு மட்டும் வேர்க்கிறது என்றால் கோளாறு காரில் இல்லை, என்னிடம்தான். எனக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த வயதில் பெண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பு சுடும் என்று கேள்விப்பட்டதுதான். நமக்கு வராது என்று ஒரு அசட்டு நம்பிக்கை இருந்தது. வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

கொஞ்சமாவது சந்தேகம் மிச்சம் இருந்திருந்தால் அதையும் என் அக்கா தீர்த்து வைத்தாள். அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். உச்சி வெயில். முன்சீட்டில் அவள், பின்னால் சீட்டு இல்லாத தகரத்தில் தலையணை போட்டுக்கொண்டு நான். அக்காவின் காதோரத்தில் வேர்வை கோடாக இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"அக்கா, உனக்குச் சூடா இல்ல?"

"எனக்கா? எனக்கெல்லாம் அந்தச் சூடு கீடு எதுவும் எந்த வயசுலயும் வந்ததில்லடி" என்றாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். பத்து வருஷமாகத் தெருவெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிகிறவள். இப்போது மாற்றிச் சொல்ல முடியுமா? "ஜில்லுனு இருக்கு. நீ ஜன்னலைத் திறந்துடாத, ஏசி வீணாப் போயிடும்."

ஓட்டிக்கொண்டிருந்தவர் வாயே திறக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? மூன்று பேர், மூடிய அடுப்பு மாதிரி ஒரு கார், ஜன்னல் நாலும் இறுக்கமாகச் சாத்தி இருக்கிறது. ஆளாளுக்குக் குளிருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு போனோம். இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அந்த இரண்டு மாசம் நான் நானாக இல்லை. ஒரு வீட்டில் காரிலிருந்து இறங்கின ஈரம் காயாமல் ஏணியேறி வெள்ளைத் திரை மாட்டும்போது என் நெற்றி வேர்வை சொட்டி மஞ்சளாகக் கறை விழுந்துவிட்டது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அது இன்னும் கேவலமாக இருந்தது. கறுப்பு, அரக்கு என்று அழுத்தமான நிறத்தில் நான் ஆசையாக வைத்திருந்த உடுப்பையெல்லாம், வேர்வை காட்டுகிறது என்று அக்காவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய விடுதி ஒன்றில் நாற்பது ஜன்னலுக்குத் தைக்கக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர். தினமும் அவ்வளவு தூரம் காரில் போய்வர என் உடம்புக்கு முடியாது என்று நானே வேண்டாம் என்றேன்.

திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒருநாள் சாயங்காலம் வாசல்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் தலையைச் சாய்த்து, "எனக்குப் பயமா இருக்குங்க. வயசாயிடுச்சு. இனிமே எல்லாம் இப்படியே ஒண்ணொண்ணா விட்டுப் போயிடுமோ?" என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்து எனக்கு விசிறிவிட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் அதை அன்பு என்று நினைத்துக் கண்கலங்கினேன்.

போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயதுப் பெண்தான், ஆனால் நிதானம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கேட்டார்.

"எப்பெப்போ வருது?"

"கார்ல போகும்போது."

"தூங்கும்போது?"

"இல்ல."

"சமையல் பண்ணும்போது? வேலை செய்யும்போது?"

"இல்ல டாக்டர். கார்ல மட்டும்தான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கார்ல ஏறினா வருது, இறங்கினா போயிடுது?"

"ஆமா."

"ஏம்மா, மெக்கானிக்கைப் பாத்தீங்களா?"

எனக்குத் தலையில் நறுக்கென்று குட்டின மாதிரி இருந்தது. "லைட் எரியுதே டாக்டர்" என்றேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "லைட் எரிஞ்சா விளக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு ஒண்ணுமில்ல. வண்டியைக் காட்டுங்க."

நேரே மெக்கானிக் கடைக்கு விட்டேன். கடைக்காரர் என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர், என்னை அண்ணி என்பார். என் கார் வருவதைப் பார்த்ததுமே கழிவறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் வழியை மறித்தேன்.

"பானட்டைத் திறங்க."

"அண்ணி, அது வந்து…"

"திறங்க!"

திறந்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில், ஏசியின் கம்ப்ரசர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு முழப் பொந்து. குழாய் இல்லை, முன்னால் இருந்த கூலிங் சட்டம் இல்லை, ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"எத்தனை கிலோ?" என்றேன்.

"பதினெட்டு, அண்ணி. நீங்க அக்கா வீட்டுல இருந்தப்ப கழட்டினது. போட்டி முடிஞ்சதும் மறுபடி மாட்டிடலாம்னு சொன்னார். கடைக்குள்ளதான் இருக்கு, துணி போட்டு மூடி வெச்சிருக்கோம்."

"அப்ப அந்தப் பச்சை விளக்கு?"

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது தனியா ஒயர் இழுத்துக் கொடுத்தது. ஒயர், பல்பு எல்லாம் சேர்ந்து அறுபது கிராம். நானே கேட்டேன் அண்ணி, கிராம் கிராமாக் குறைக்கிறீங்களே, இதை எதுக்கு ஏத்தறீங்கன்னு. இதை மட்டும் கணக்குல சேர்க்காதேன்னுட்டார்."

கதவுக் கைப்பிடியில் நாற்பத்திரண்டு கிராம் மிச்சம் பிடித்தவர், என்னை ஏமாற்றுவதற்கு அறுபது கிராம் ஏற்றியிருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஏசி போனால் போகட்டும், அது இரும்பு. சண்டை போட்டுத் திரும்ப மாட்ட வைத்திருப்பேன். ஆனால் நான் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேனே, அதை இவர் பார்த்தார். அரக்கு உடுப்பைக் கட்டிக் கொடுத்தேனே, அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனதே இவர்தான். எல்லாம் தெரிந்துகொண்டு எப்படி இரண்டு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தார்? இனிமேல் இவர் சொல்கிற எதை நான் நம்புவது?

மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "நான் வந்ததை அவர்கிட்ட சொன்னீங்கன்னா, உங்க கடை ஜன்னலுக்குத் தெச்ச திரையைக் கழட்டிட்டுப் போயிடுவேன்." மனிதர் சத்தியம் பண்ணினார்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. திரை காற்றில் பறக்காமல் நேராக நிற்க வேண்டுமென்றால் அடி மடிப்புக்குள் ஈயத்தை வைத்துத் தைப்போம். சின்னச் சின்ன வில்லைகள். பார்க்க ஒன்றுமிருக்காது, கனம் மட்டும் இருக்கும். என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு தடித்த துணியில் இரண்டு குழாய் தைத்து, வில்லையைக் கொட்டி, அவருடைய தராசிலேயே நிறுத்தேன். ஒன்பது, ஒன்பது. டிரைவர் சீட்டின் அடித்தையலைப் பிரித்து, பஞ்சுக்குள் இரண்டையும் படுக்க வைத்து, பழைய ஊசித் துளையிலேயே மறுபடி தைத்தேன். என் தையலை நான் சொல்லக்கூடாது, ஆனால் பிரித்ததாகப் படைத்தவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு எடைமேடைக்குப் போனேன். லாரி இல்லாத நேரம். போட்டிக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை நிறுத்துப் பார்க்கிறேன் என்று காரைப் பாலத்தில் ஏற்றினார். போன வாரம் சரியாக அறுநூறு காட்டியதாம். அந்தப் பாலம் ஐந்து ஐந்து கிலோவாகத்தான் காட்டும். சிவப்பு எழுத்து ஓடி ஓடி நின்றது. அறுநூற்று இருபது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். காரை இறக்கி மறுபடி ஏற்றினார். அறுநூற்று இருபது.

"என்னங்க?" என்றேன்.

"இருபது கிலோ கூடக் காட்டுது."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையே" என்றேன். "வண்டி வண்டியாத்தானே இருக்கு? ஒருவேளை உங்களுக்குத்தான் வயசாகுதோ என்னமோ."

குட்டி போட்ட பூனை மாதிரி மூன்று நாள் அந்தக் காரைச் சுற்றினார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார், கதவுப் பலகையைப் பிரித்துப் பார்த்தார், அடியில் படுத்துச் சேறு சுரண்டினார். களைத்துப்போனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து யோசித்தார். பதினெட்டு கிலோவின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பதினெட்டு கிலோவைத் தேடினார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு குளுகுளுவென்று இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை தானே பாலத்தில் ஏறி நின்றார். எண்பத்தைந்து, எப்போதும் காட்டுவதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. "சின்ன எடைல சரியாக் காட்டுது. பெரிசாப் போனா தப்பு. அறுநூறுக்கே இருபது தப்புன்னா இருபது டன் லாரிக்கு எவ்வளவு?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பேயறைந்த மாதிரி முகம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் காரைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை எழுந்து வந்தால், என் வெட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். மேலதிகாரிக்குக் கடிதம். 'நான் வேலை பார்க்கும் எடைமேடை சரியான எடையைக் காட்டவில்லை என்று சந்தேகப்படுகிறேன். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. சோதனை முடியும்வரை மேடையை மூடிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கோளாறு என்னுடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன்.' கையெழுத்து போட வேண்டியது மட்டும் பாக்கி.

எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த நொடியே, பாவம் பார்த்த என்மேலேயே கோபம் வந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் காரின் டிரைவர் சீட்டைக் கிழித்தேன். இரண்டு குழாயையும் இழுத்துவந்து அந்தக் கடிதத்தின்மேல் தொப்பென்று போட்டேன்.

அவர் ஒன்றைக் கையில் தூக்கினார். பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது. "ஒன்பது கிலோ."

"இன்னொண்ணு?"

அதையும் தூக்கினார். "ஒன்பது. ரெண்டும் சேர்த்துப் பதினெ…" அங்கேயே நின்றுவிட்டது வார்த்தை. முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்து, பிறகு மொத்தமாகத் திரும்பி வந்தது.

"ஆமா, பதினெட்டு" என்றேன். "பாலத்து மேல சந்தேகம் வந்து மூணே நாள்ல லெட்டர் எழுதிட்டீங்க. வேலையையே விடுறேன்னு எழுதிட்டீங்க. எனக்கு என் மேலயே சந்தேகம் வந்து ரெண்டு மாசம். பக்கத்துலயே உக்காந்து விசிறி விட்டீங்களே! இந்த இரும்புக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா?"

"முதல் நாளே சொல்லத்தான் நினைச்சேன்."

"ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ திட்டுவியேன்னு பயம். அப்புறம்… அன்னைக்குச் சாயங்காலம் சொல்லிடணும்னுதான் வாசல்ல வந்து உக்காந்தேன். நீ வந்து தோள்ல சாஞ்ச. இத்தனை வருஷத்துல நீ சாஞ்சதே இல்லம்மா. ஒரே ஒரு நாள் கழிச்சுச் சொல்லலாம்னு தோணுச்சு. அப்புறம் நாளைக்கு, நாளைக்குன்னு…" கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். "தப்பு. பெரிய தப்பு."

நான் அழுதேன். அழுதுகொண்டே, "சாயணும்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மனுஷா!" என்று கத்தினேன். அடுத்த தெருவிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாளாம்.

அதற்குப் பிறகு அவர் ஒரேயடியாகச் சுருண்டுவிட்டார். போட்டி வேண்டாம், இன்றைக்கே ஏசியை மாட்டிவிடுகிறேன் என்றார். நான் எதைச் சொன்னாலும் சரிம்மா, ஆமாம்மா. காபி நன்றாக இருந்ததா என்றால் நன்றாக இருந்தது என்றார். சர்க்கரையே போடாத காபி. இது எனக்குப் பொய்யைவிட மோசமாகப் பட்டது. பயந்து பயந்து ஆமாம் போடுகிறவரோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது?

"போட்டிக்குப் போறோம்" என்றேன். "வண்டில இன்னும் இருபத்தி மூணு கிலோ கழட்ட இடம் இருக்கு."

அந்த நிலைமையிலும் அவர் கண்ணில் ஒரு பொறி தட்டியது. "எங்கே?"

"நீங்க எண்பத்தி நாலு. நான் அறுபத்தொண்ணு. ஓட்டறது நான். தினமும் அந்த அடுப்புக்குள்ள உக்காந்து ஓட்டினவ நான்தானே?"

அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "சரிம்மா" என்றார். நான் அறுபத்தொன்று இல்லை, அறுபத்திரண்டரை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் திருத்தவில்லை. எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து மேசையில் பெயரை மாற்றி எழுதினார்கள். ஹெல்மெட்டைக் கொடுத்தார்கள். பக்கத்துச் சீட்டையும் கழற்றியாகிவிட்டது. கொடி இறங்கியதும் விட்டேன் பாருங்கள். பதினைந்து வருஷமாகத் துணிச்சுருளோடு சந்து சந்தாக ஓட்டினவளுக்கு அந்த வளைவெல்லாம் ஒரு வளைவா? வேர்வை கொட்டியது. கொட்டட்டும் என்று விட்டேன். இப்போது அது வயதின் வேர்வை இல்லை, காரின் வேர்வை என்று எனக்குத் தெரியும். எஞ்சின் கத்தியது, நானும் சேர்ந்து கத்தினேன்.

மேலே போய் நின்றதும் பலகையில் நேரம் எழுதினார்கள். நாலாவது. முக்கால் வினாடியில் மூன்றாவது இடம் போய்விட்டது. ஆனால் அவருடைய போன வருஷத்து நேரத்தைவிட நான் வேகம். சங்கத்து ஆட்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். "பிரமாதம்க்கா! ஒரு தப்பு கூட இல்ல!" என்றார்கள்.

அவர் எட்டாவது வளைவில் நின்று பார்த்துவிட்டு, பழுதான கார்களை இழுக்கும் வண்டியில் தொற்றிக்கொண்டு மேலே வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் தயங்கி நின்றார். நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே அவரிடம் போனேன்.

"எப்படி ஓட்டினேன்?"

"ரொம்ப நல்லா ஓட்டினம்மா."

"அதை அவங்க சொல்லிட்டாங்க. உங்களைத்தான் கேக்கறேன். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். வேர்வையில் ஊறிப்போய், முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

"எட்டாவது வளைவுல செகண்ட் கியர்லயே வந்திருக்கணும்" என்றார். "நீ தேர்டுக்குப் போயிட்டு மறுபடி இறக்கின. ஒண்ணேகால் செகண்ட் அங்கதான் போச்சு. கப்பு உன்னாலதான் போச்சும்மா."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சுர்ரென்று ஏறியது. ஆறு வருஷம் நாலாவது வந்தவர், முதல் தடவை ஓட்டினவளிடம் சொல்கிற பேச்சா இது? "யாரைப் பாத்து, யாரு சொல்றது?" என்று ஆரம்பித்தேன். மலையிலிருந்து வீடு வரைக்கும் ஒரு மணி நேரம் நான் ஓட்டிக்கொண்டே திட்டினேன். பக்கத்தில் சீட்டு இல்லாததால் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு திட்டுக்கும் "ஆனா செகண்ட் கியர்தான்மா சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவ்வளவு நிம்மதியாக நான் என் வாழ்நாளில் யாரையும் திட்டியதில்லை.